போர் நடக்காத போர்க்களம்

வெளிப்படுத்தின விசேஷம் 19-ஆம் அதிகாரத்தை 11-ஆம் வசனத்திலிருந்து நிதானமாக வாசியுங்கள். வானம் திறக்கிறது. வெள்ளைக் குதிரையில் ஒருவர் வருகிறார். கண்கள் நெருப்பு, தலையில் பல கிரீடங்கள், பின்னால் பரலோகச் சேனைகள். எதிரே மிருகமும் பூமியின் ராஜாக்களும் திரண்டு நிற்கிறார்கள். 19-ஆம் வசனத்தில் படைகள் கூடிவிட்டன. 20-ஆம் வசனத்தில் மிருகம் பிடிபட்டுவிட்டது. நடுவில் இருக்க வேண்டிய யுத்தம் எங்கே?

இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு முன்னும் பின்னும் புரட்டுங்கள். 16-ஆம் அதிகாரத்தில் அர்மகெதோன். வேதாகமம் முழுவதிலும் அந்தப் பெயர் வருவது ஒரே ஒரு வசனத்தில்தான். ராஜாக்கள் அங்கே கூட்டிச் சேர்க்கப்படுகிறார்கள். மறு வசனத்தில் ஏழாம் தூதன் தன் கலசத்தை ஊற்றுகிறான், போர் வரவேயில்லை. 20-ஆம் அதிகாரத்தில் கோகும் மாகோகும் கடற்கரை மணலைப்போலத் திரண்டு நகரத்தை வளைத்துக்கொள்ள, வானத்திலிருந்து அக்கினி இறங்குகிறது. மூன்று முறை படை கூடுகிறது. ஒரு முறைகூட வாளோடு வாள் மோதுவதை இந்தப் புத்தகத்தை எழுதிய யோவான் காட்டவில்லை. 12-ஆம் அதிகாரத்தில் மிகாவேல் வலுசர்ப்பத்தோடு போரிடுவது உண்டு. அதையும் ஓரிரு வரியில் முடித்துவிடுகிறார்.

அந்தக் காலத்தில் கடைசிப் போரை விரிவாக எழுதும் வழக்கம் இல்லாமல் இல்லை. சவக்கடலோரக் குகைகளில் 1947-இல் கிடைத்த சுருள்களில் ஒன்று, ஒளியின் பிள்ளைகளும் இருளின் பிள்ளைகளும் மோதும் இறுதிப் போரைப் பற்றியது. கேடயத்தின் அளவு, எக்காளங்களில் எழுத வேண்டிய வாசகம், எந்த வரிசை எப்போது முன்னேற வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கின்றன. யோவானுக்கு முந்தைய யூத எழுத்து அது. அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யோவானின் சேனை விசித்திரமானது: வெண்மையான மெல்லிய ஆடை உடுத்தியிருக்கிறது, ஆயுதம் எதுவும் சொல்லப்படவில்லை. இருக்கும் ஒரே வாள் தலைவரின் வாயிலிருந்து புறப்படுகிறது. அவருக்கு அங்கே சூட்டப்படும் பெயரோ தேவனுடைய வார்த்தை.

களவழி நாற்பதும் கலிங்கத்துப்பரணியும் படித்த நமக்குப் பிணம் தின்னும் பறவைகள் புதிதல்ல. ஆனால் அங்கே போர் முடிந்தபின் நடப்பதை, இங்கே ஒரு தூதன் போருக்கு முன்பே பறவைகளை விருந்துக்கு அழைத்துச் செய்துவிடுகிறான். முடிவு முன்னமே தீர்ந்துவிட்டது என்பதை இதைவிடக் கொடூரமாகச் சொல்ல முடியாது. அந்தக் கொடூரத்தை மழுப்பி வாசிக்கவும் கூடாது.

இன்னும் ஒன்று. குதிரைவீரரின் அங்கி களத்தில் இறங்குமுன்பே இரத்தத்தில் தோய்ந்திருக்கிறது. அது யாருடைய இரத்தம்? ஏசாயா 63-ஐ எடுத்துப் பாருங்கள்: ஏதோமிலிருந்து ஆடை சிவக்க வருகிறவர் மேல் இருப்பது பகைவரின் இரத்தம். யோவான் அந்தப் படத்தைத்தான் எடுத்தாள்கிறார். ஆகவே இதுவும் பகைவரின் இரத்தமே என்று சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு. எனக்கு 5-ஆம் அதிகாரம்தான் திறவுகோலாகப் படுகிறது. அங்கே யூதா கோத்திரத்துச் சிங்கம் வென்றது என்று யோவான் காதால் கேட்கிறார். திரும்பிப் பார்க்கும்போது கண்ணில் படுவது அடிக்கப்பட்ட ஓர் ஆட்டுக்குட்டி. அதன்பின் இந்தப் புத்தகத்தில் வரும் வெற்றி ஒவ்வொன்றையும் அந்த ஆட்டுக்குட்டியை வைத்தே அளக்க வேண்டும். அப்படி அளந்தால் அங்கியில் இருப்பது அவருடைய சொந்த இரத்தம்.

முதலில் இதைக் கேட்டவர்களையும் மறக்கலாகாது. இன்றைய துருக்கியின் மேற்கே எபேசு, சிமிர்னா, பெர்கமு முதலான ஏழு ஊர்களின் சிறு சபைகள் அவை. பெர்கமுவில் அந்திப்பா என்ற சாட்சி கொல்லப்பட்டதைப் புத்தகமே சொல்கிறது. ரோமப் பேரரசன் டொமிஷியன் ஆண்ட கி.பி. 81–96 காலத்தில் இது எழுதப்பட்டது என்பதே பலரின் கருத்து. வாள் முழுக்க ரோமாபுரியின் கையில். இவர்களிடம் இருந்தது சாட்சி சொல்லும் வாய் மட்டும்.

அர்மகெதோன் என்ற பெயருக்குள் இருக்கும் மெகிதோ என்ற இடத்தையும் அவர்கள் அறிந்திருப்பார்கள். தெபொராளும் பாராக்கும் வென்ற வெளி அது. நல்ல ராஜா யோசியா பார்வோன் நேகோவிடம் கி.மு. 609-இல் மாண்டதும் அங்கேதான். வெற்றியும் தோல்வியும் சேர்ந்து ஒலிக்கும் பெயர்.

கோகு யார் என்று செய்தித்தாளில் தேடுவது பழைய பழக்கம். கோத்தியர்கள் என்றார்கள், துருக்கியர் என்றார்கள், சோவியத் யூனியன் என்றார்கள். காலம் ஒவ்வொன்றையும் தள்ளிவிட்டது. அந்தத் தேடலுக்குச் செலவிடும் நேரத்தில் கோகின் படை வரும் எசேக்கியேல் 38, 39-ஐ வாசிக்கலாம். பகைவரின் ஆயுதங்கள் ஏழு வருஷம் விறகாக எரிகின்றன. பிணங்களைப் புதைக்க ஏழு மாதம் ஆகிறது. அந்த மகாசேனை அடுப்புக்கு விறகாகும் இடம் அது.

இந்தப் புத்தகத்தைப் படமாகப் பார்க்க விரும்பினால் ஆல்பிரெக்ட் டியூரர் 1498-இல் வெளியிட்ட மரச்செதுக்குப் படங்களைத் தேடுங்கள். நான்கு குதிரைவீரர்களும் ஒன்றாகப் பாய்வதாக அவர் செதுக்கியிருக்கிறார். 6-ஆம் அதிகாரத்தில் அவர்கள் ஒருவர்பின் ஒருவராகத்தான் வருகிறார்கள். இரண்டும் வேறு வேறு திகில். ஒப்பிட்டுப் பார்ப்பதே ஒரு சுகம்.

இந்தப் புத்தகம் தன்னை வாசிக்கிறவனையும் கேட்கிறவர்களையும் முதல் அதிகாரத்திலேயே வாழ்த்துகிறது. சபையில் ஒருவர் சத்தமாக வாசிக்க மற்றவர்கள் கேட்பதற்காக எழுதப்பட்டது. ஆகவே வீட்டில் ஒருவரை உட்கார வைத்து, 5-ஆம் அதிகாரத்தை முதலிலும் 19-ஆம் அதிகாரத்தை அடுத்தும் வாய்விட்டு வாசியுங்கள்.