பல்லியமா, சிம்பொனியா? தேசிய வாத்திய விருந்தத்தின் பெயரும் மதிப்பீடும்

1. சிக்கல்

கலைச்சொல் ஒன்றைத் தமிழாக்குவோர் அதன் பொருளை மட்டுமன்றி, அதனுள் பொதிந்துள்ள அளவுகோலையும் உடன்கொணர்ந்து விடுகின்றனர். அகில இந்திய வானொலி 1952இல் தில்லியில் அமைத்த தேசிய வாத்திய விருந்தத்தைத் தமிழில் 'தேசிய சிம்பொனி இசைக்குழு' எனக் குறிக்கலாமா? மேலோட்டமாக நோக்கின் இது சொல்தேர்வு பற்றிய வினா. உண்மையில் அந்நிறுவனத்தை எவ்வாறு மதிப்பிடுவது என்னும் திறனாய்வு வினாவேயாகும்.

2. சொற்களின் வரலாறு

'சிம்பொனி' என்பதன் கிரேக்க மூலம் ஒருங்கொலித்தலைக் குறிக்கும். 18ஆம் நூற்றாண்டில் ஹைடன், மொசார்ட் ஆகியோர் படைப்புகளின் வழி, பல பகுதிகளைக் கொண்ட ஓர் இசைப்படைப்பு வகையின் பெயராக அது நிலைபெற்றது. 'ஆர்கெஸ்ட்ரா' கிரேக்க அரங்கில் ஆடற்குழு ஆடிய இடம்; பின்னர் அரங்கின்முன் அமர்ந்து இசைப்போருக்கு ஆகிவந்தது. நம் இலக்கண மரபில் இதனை இடவாகுபெயர் எனலாம். முன்னது படைப்பு, பின்னது அதனை நிகழ்த்தும் குழு.

தமிழில் 'ஆர்கெஸ்ட்ரா' பொருட்சுருக்கம் அடைந்துள்ளது. திருமண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் திரைப்பாடல் இசைக்கும் மேடைக்குழுவே இன்று அச்சொல்லால் நினைவுக்கு வருகிறது. 'இசைக்குழு' மிகப் பரந்தது. 'சேர்ந்திசை' பலர் கூடிப் பாடுவதற்கு உரியதாயிற்று. எஞ்சுவது 'பல்லியம்'. சங்க இலக்கியத்தில் வழங்கியதும், நெடும்பல்லியத்தனார் என்னும் புலவர் பெயரில் நிலைத்திருப்பதுமாகிய இச்சொல், பல கருவிகள் என்பதற்கு மேல் எதுவும் கூறுவதில்லை. அக்கருவிகள் எம்முறையில் இயைய வேண்டும் என அது கட்டளையிடாமையே அதன் சிறப்பு.

'விருந்தம்' கூட்டம் எனப் பொருள்படும் வடசொல். 13ஆம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் இயற்றிய சங்கீத ரத்னாகரம், பாடகரும் கருவியாளரும் அடங்கிய தொகுதியை இச்சொல்லால் சுட்டித் தலை, இடை, கடை என வகைப்படுத்துகிறது. எனவே வானொலி சூட்டிய பெயர் ஐரோப்பியச் சொல்லின் மொழிபெயர்ப்பன்று. இந்திய இசைநூல் மரபைச் சார்ந்தது.

3. நிறுவனத்தின் இயல்பு

இந்தியக் கருவிகளைக் கூட்டி இசைக்கும் முயற்சி 1952க்கு முற்பட்டது. 1937 முதல் தில்லி வானொலியில் ஐரோப்பிய இசைக்குப் பொறுப்பேற்றிருந்த ஜான் ஃபோல்ட்ஸ், இந்தியக் கலைஞர்களுக்கு மேலை இசைக்குறியீட்டைப் பயிற்றிக் குழு ஒன்றை உருவாக்கினார். 1939இல் அவர் மறைந்தார். விடுதலைக்குப் பின் எழுந்த வாத்திய விருந்தத்தில் இந்துஸ்தானி இசைக்கு ரவி சங்கரும் கருநாடக இசைக்கு டி. கே. ஜெயராம ஐயரும் பொறுப்பேற்றனர். 1956இல் புல்லாங்குழல் கலைஞர் பன்னாலால் கோஷ் நடத்துநராக வந்தார்.

இரு மரபினர் ஒரே நிறுவனத்தில் அமர்ந்தது மொழிபெயர்ப்பாளர் அறிந்த சூழலே. இந்தோளமும் மால்கௌன்ஸும் பெயரால் வேறுபட்டுச் சுரத்தால் ஒன்றுபடுவன. பைரவியோ இரு மரபிலும் பெயரால் ஒன்றுபட்டு இராகத்தால் வேறுபடுவது. ஒருசொல் பல்பொருளும் பல்சொல் ஒருபொருளும் இசையிலும் உண்டு.

4. மதிப்பீடு

வாத்திய விருந்தத்தில் மேலைச் சுரஇயைபு இல்லை, ஆகவே அது குறைவளர்ச்சியுற்ற சிம்பொனி எனக் கூறுவது, வெண்பாவில் ஆங்கிலச் செய்யுளின் அசையழுத்தம் இல்லை எனக் குறைகூறுவதை ஒக்கும். அதன் உண்மைக் குறையை அதன் மரபைக் கொண்டே காணவேண்டும். தனிக்கலைஞரின் மனோதர்மமே நம் இசையின் உயிர். பலர் ஒருசேர இசைக்கும்போது அது முன்னமைத்த இசைக்கு அடங்குகிறது. ஒருவர் விரலில் பிறக்கும் கமகம் பலர்க்கும் பொதுவாகும்போது தன் நுட்பத்தை ஓரளவு இழக்கிறது. இவ்விழப்பு மெய்யானது.

பேறும் உண்டு. சாகித்தியத்தைச் சாராத நெடிய கருவியிசைப் படைப்பு இதனால் இடம்பெற்றது. சொல் நீங்கிய அவ்விடத்தில் பன்னாலால் கோஷின் 'கலிங்க விஜயம்' போன்ற தலைப்புகள் பொருளை உணர்த்தும் பணியை ஏற்றன.

2006இல் மும்பை தேசிய நிகழ்கலை மையம் தோற்றுவித்த இந்திய சிம்பொனி பல்லியம் இதற்கு நேர்மாறானது. மேலை இசையே அதன் களம். தொடக்கத்தில் கலைஞருள் பெரும்பாலோர் அயல்நாட்டினர். ஒன்றில் இந்திய இசையும் அரசின் ஆதரவும் உண்டு, சிம்பொனி இல்லை. மற்றதில் சிம்பொனி உண்டு, அரசு அதனைத் தோற்றுவிக்கவில்லை. இரண்டையும் 'தேசிய சிம்பொனி' என ஒரே தொடரால் பெயர்த்தால், நாட்டிற்கென ஒரு பெருங்குழு எவ்வாறு அமையவேண்டும் என்பதற்குக் கிடைத்த இரு வேறு விடைகள் தமிழ் வாசகருக்குப் புலப்படாமற் போகும்.

5. முடிவு

படைப்பு வகைக்குச் 'சிம்பொனி' என்றும், குழுவிற்குப் 'பல்லியம்' என்றும் வரையறுத்தல் தகும். 2025 மார்ச் 8 அன்று இலண்டனில் இளையராஜாவின் சிம்பொனியை ராயல் பில்ஹார்மோனிக் பல்லியம் இசைத்தது எனக் கூறுங்கால் படைப்பும் குழுவும் மயக்கமின்றிப் பிரிகின்றன. 'வாத்திய விருந்தம்' சிறப்புப்பெயராதலின் பெயர்க்கப்படாமல் நிற்றலே நேரிது. இசையில் வல்லவர் அதன் குறைநிறைகளை ஆராயட்டும். ஆராய்வதற்கு முன்பே பெயரால் தீர்ப்பு வழங்காதிருத்தல் மொழிபெயர்ப்பாளரின் கடமையாகும்.