அமைதி என்கிற சொல்

கிரேக்க நாட்டுக்குப் போய்வந்த நண்பர் ஒருவர் தம் பிரயாணக் கட்டுரைகளைப் படித்து அபிப்பிராயம் சொல்லும்படி கேட்டிருந்தார். இடிந்த கோயில்கள், ஒலிவ மரங்கள், கடல். நடை நன்றாகவே இருக்கிறது. ஆனால் பக்கத்துக்குப் பக்கம் 'அமைதி' வருகிறது, மனிதர்கள் வருவதில்லை. நம் பிரயாண இலக்கியத்தில் பெரும்பாலானவற்றுக்கு உள்ள குறைதான் இது. 1971-ல் வெளிவந்த 'நடந்தாய் வாழி காவேரி'யைச் சிட்டியும் ஜானகிராமனும் இப்படி எழுதவில்லை. ஆற்றைப் பார்த்த கண்ணாலேயே கரையில் இருந்தவர்களையும் பார்த்தார்கள். அதனால்தான் அந்தப் புத்தகம் இன்னும் படிக்கப்படுகிறது.

குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்றும் யோசித்தேன். நல்லூரில் பல வருஷங்களாகக் குடியிருக்கிறேன். பனியன் கம்பெனிகளை வைத்து நாவல்கள் எழுதியிருக்கிறேன். கிழக்கே, நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணலை மட்டும் பார்த்ததில்லை. சென்ற மாதம்தான் போனேன்.

வழியில் கொறங்காடுகள். கிளுவை வேலி, உள்ளே வெள்வேல மரங்கள், நிழலில் காங்கேயம் மாடுகள். சத்தமே இல்லை. ஆனால் இது தானாக அமைந்த அழகு அல்ல. மழை குறைந்த பூமியில் மாடு பிழைக்க வேண்டுமே என்று குடியானவர்கள் தலைமுறை தலைமுறையாக வேலி அடைத்துக் காத்த மேய்ச்சல் நிலம் அது.

கொடுமணலில் கண்ணுக்குத் தெரிவது கொஞ்சம்தான். ஈமக்கற்கள், செம்மண், ஆறு. பதிற்றுப்பத்து 'கொடுமணம்' என்று சொல்லும் ஊர் இது. 1985 முதல் பலமுறை இங்கே அகழ்ந்திருக்கிறார்கள். இரும்பு உருக்கிய உலைகள், அறுத்ததும் அறுக்காததுமான மணிக்கற்கள், நூல் நூற்ற தக்களி வட்டுகள், பெயர் பொறித்த பானை ஓடுகள் எல்லாம் கிடைத்தன. படியூர்ப் பக்கத்துப் பெரில் கல்லை இங்கே மணியாக்கினார்கள். இந்தியப் பெரில் கல்லைப் பற்றி ரோமாபுரியில் பிளினி எழுதி வைத்திருக்கிறார். ஆக, இதுவும் திருப்பூரைப் போல ஓர் ஏற்றுமதி ஊர்தான். பட்டறைச் சத்தம் கேட்ட ஊர். நான் அங்கே கேட்ட அமைதி, அந்தச் சத்தம் நின்றுபோனதால் வந்தது.

அருகிலேயே ஒரத்துப்பாளையம் அணை இருக்கிறது. பாசனத்துக்காக 1990-களின் தொடக்கத்தில் கட்டியது. திருப்பூர்ச் சாயக் கழிவு அதில் வந்து தேங்கிற்று. கீழே நிலம் கெட்டது, கிணறு கெட்டது. விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். கழிவை வெளியே விடாத ஏற்பாடு இல்லாத பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. அன்று அணைக்கரையில் நின்றபோது ஒரு நாரை பறந்து போயிற்று. கிரேக்கக் கட்டுரைக்காரர் பக்கத்தில் இருந்திருந்தால், 'என்ன அமைதி!' என்று எழுதியிருப்பார்.

நண்பருக்குக் கடிதம் எழுதினேன். 'அமைதி' வருகிற இடங்களில் எல்லாம் நின்று, அது யார் காத்த அமைதி, யார் போய்விட்டதால் வந்த அமைதி என்று விசாரித்துத் திரும்ப எழுதுங்கள் என்றேன். கடிதத்தைத் தபாலில் போட்ட பிறகு என் நாவல்களை எடுத்துப் புரட்டினேன். சாயப்பட்டறைகள் வருகின்றன, அவற்றின் வண்ணங்களை ரசித்து வர்ணித்திருக்கிறேன். அந்தத் தண்ணீர் எங்கே போயிற்று என்று ஒரு வரிகூட இல்லை.