கிளாரிஸாவும் ஸரியும்

நாவலில் பெண் விடுதலை என்றால் அவள் வீட்டைவிட்டு வெளியேறுகிறாளா என்று பார்ப்பது விமர்சகர்களுக்குப் பழக்கமாகிவிட்டது. வெளியேறாதவள் பழைய பாத்திரம், விஷயம் முடிந்தது. இந்த அளவுகோலுக்குப் பிடிபடாத நாவல்கள் இரண்டு: வர்ஜீனியா வுல்ஃபின் 'மிஸஸ் டாலோவே' (1925), ஸிமின் தானேஷ்வர் பாரசீகத்தில் எழுதிய 'ஸவுஷூன்' (1969). இரண்டிலும் நாயகி வீட்டை உதறிப் போவதில்லை.

கிளாரிஸாவின் கதை 1923 ஜூனில், லண்டனில், ஒரே நாளில் நடப்பது. யுத்தம் முடிந்துவிட்டது என்று நம்பவே அவள் வர்க்கம் விரும்புகிறது. மாலை, அவள் தரும் விருந்தின் நடுவே, யுத்தத்தில் மனம் சிதைந்த செப்டிமஸ் ஜன்னல்வழியே குதித்து இறந்த செய்தி வருகிறது. அவனை அவள் பார்த்ததுகூட இல்லை. தனியறைக்கு ஒதுங்கி அந்தச் சாவைத் தன்னுடையதாக உணர்கிறாள். பிறகு விருந்தினரிடம் திரும்புகிறாள்.

அவள் கணவன் பார்லிமெண்ட் உறுப்பினன். அதே பார்லிமெண்டின் படைதான் 1941-ல் ஈரானுக்குள் நுழைந்தது. ஸரியின் ஷிராஸ் நகரம் அந்த ஆக்கிரமிப்பில் இருக்கிறது. இந்த நாவல் தொடங்குவதே ஒரு விருந்தில், கவர்னர் மகளின் கல்யாணத்தில். ஸரியிடம் இரவல் வாங்கிய மரகதக் காதணிகள் திரும்பி வருவதில்லை. பிறகு அவள் மகனின் குதிரையும் போகிறது. வீட்டில் அமைதி இருந்தால் போதும் என்று ஸரி விட்டுக்கொடுக்கிறாள்.

கிளாரிஸாவுக்கு ஒதுங்க ஓர் அறை இருக்கிறது. ஸரியின் வீட்டில் அதிகாரம் கேட்டுக்கொண்டே உள்ளே வந்துவிடுகிறது. வெளியேறுவது அங்கே அர்த்தமற்றது. அவள் கடக்கவேண்டியது வாசற்படியை அல்ல, பயத்தை. தானியத்தை அந்நியப் படைக்கு விற்க மறுத்த கணவன் யூஸுஃப் கொல்லப்பட்ட பிறகே அதைக் கடக்கிறாள். சவ ஊர்வலம் ஊரின் எதிர்ப்பாகிறது.

சங்கடமான கேள்வி இங்கேதான் எழுகிறது. ஒரு பெண் விழித்துக்கொள்ள ஓர் ஆண் சாகவேண்டுமா? தானேஷ்வரின் தலைப்பே 'ஷாநாமா'வின் ஸியாவுஷுக்கான துக்கச் சடங்கைக் குறிப்பது. வுல்ஃபும் தம் முதல் திட்டத்தில் செப்டிமஸ் இல்லை, கிளாரிஸாவே சாவதாக இருந்தது என்று 1928-ல் எழுதிய முன்னுரையில் சொல்கிறார். சாவு அவளிடமிருந்து அவனுக்கு மாற்றப்பட்டிருக்கிறது.

இதைப் படைப்பாளிகளின் தயக்கம் என்று தள்ளிவிட முடியாது. பெண் செத்தால் அது வீட்டுத் துக்கம், ஆண் செத்தால் ஊர்த் துக்கம் என்று வைத்திருக்கும் சமூகங்களை இருவரும் அறிந்தவர்கள். அந்த ஊர்த் துக்கத்தைப் பெண்ணின் கையில் கொடுக்கிறார்கள். அதை அவள் என்ன செய்கிறாள் என்பதில்தான் வித்தியாசம்.

பிரக்ஞையின் நுட்பத்தில் வுல்ஃபின் நாவலுக்கு 'ஸவுஷூன்' ஈடில்லை. ஆனால் கிளாரிஸா அறையில் கண்டது எதுவென்று விருந்தில் ஒருவருக்கும் தெரியாது. அதனால் ஒருவருக்கும் தொந்தரவில்லை. ஸரியின் துக்கத்தைக் கலைக்கப் போலீஸ் வரவேண்டியிருக்கிறது. வீட்டைவிட்டுப் போகாதவள் என்று அவளைத் தள்ளும் விமர்சனம் இந்தத் தெருவைப் பார்க்கவில்லை.