நினைவுடைமை நூலும் அது வந்த வழியும்

நூல் செய்யப் புகுவான் ஒருவன் முதற்கண் அறியவேண்டுவது எழுதும் திறமன்று. தான் எழுதும் பொருள் தன்பால் வந்த வழியே. இவ்வுண்மையை அண்மையில் நிகழ்ந்ததொன்று எமக்கு வலியுறுத்திற்று.

சென்ற சாரற்காலத்தில், எம்மிடம் முன்னர்த் தமிழ் பயின்ற மாணாக்கர் ஒருவர் இராயகிரியிலுள்ள எம் இல்லத்துக்கு வந்தார். சென்னையிற் கணினித் தொழில் புரியும் அவர், உறக்கமின்மையால் வருந்தி, 'மைண்ட்ஃபுல்னெஸ்' என வழங்கும் பயிற்சியை எட்டு வாரம் பயின்று நலம் பெற்றாராம். அதுபற்றித் தாம் எழுதிய முதல் நூலின் கையெழுத்துப் படியைத் தந்து, "ஐயா, தாங்கள் அணிந்துரை நல்கவேண்டும்" என்று வேண்டினார். தமக்கு வழிகாட்டிய ஆங்கில நூலையும் உடன் வைத்தார். முதனூலை ஆராயாது வழிநூலுக்கு உரை நல்குதல் முறையன்று. ஆதலின் அவ்வாங்கில நூலைப் பேத்தியின் துணைகொண்டு ஒரு திங்கள் பயின்றோம்.

அது ஜான் கபாட்-ஜின் என்னும் அமெரிக்கர் 1990-இல் வெளியிட்ட 'ஃபுல் கட்டாஸ்ட்ரஃபி லிவிங்'. அவர்க்கும் அதுவே முதல் நூல். ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என நன்னூலார் சிறப்புப்பாயிரத்துக்கு வகுத்தவற்றுள் ஒருசிலவற்றையே அளவுகோலாகக் கொண்டு அந்நூலை நோக்குவாம்.

கேட்போரும் பயனும் பற்றிக் குறை கூறுதற்கில்லை. உயிரியலில் 1971-இல் முனைவர் பட்டம் பெற்ற இவ்வாசிரியர், மாணவப் பருவத்திலேயே தியானத்தில் தலைப்பட்டு, கொரிய நாட்டுச் சுங் சான் என்பாரிடம் பயின்றவர். 1979-ஆம் ஆண்டு பாரி என்னும் ஊரில் இரு வாரம் தியானத்தில் அமர்ந்திருந்த காலை, இப்பயிற்சியை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் எண்ணம் தமக்கு உதித்ததாகப் பின்னர் எழுதியுள்ளார். அவ்வாண்டிலேயே மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில், மருந்தால் முற்றும் தீராத நோவுடையார்க்குப் பயிற்சியைத் தொடங்கினார். நூல் வெளிவந்ததோ 11 ஆண்டு கழித்து. உலர்ந்த திராட்சை ஒன்றை மெல்ல உண்பதிற் றொடங்கி, நாடோறும் முக்கால் மணி நேரம் மூச்சையும் உடலையும் நோக்குதல் ஈறாக அவர் கூறுவன யாவும் நோயாளருடன் இருந்து கண்டவை. பயின்றபின் எழுதினார், எழுதற்பொருட்டுப் பயின்றாரல்லர். இக்காலத்து முதல் நூல் எழுதுவார் யாவரும் இதனைக் கைக்கொள்ளல் நன்று.

இனி, வழி. 'மைண்ட்ஃபுல்னெஸ்' என்பது 'சதி' என்னும் பாலிச் சொல்லுக்கு, இலங்கையில் அரசுப்பணி புரிந்த ரைஸ் டேவிட்ஸ் 1881-இல் வழங்கிய மொழிபெயர்ப்பு. 'சதி' வடமொழியில் 'ஸ்மிருதி'. நினைவு என்பது பொருள். புத்தநெறியே இந்நூற்கு ஊற்று. ஆயினும் நோயாளரும் மருத்துவரும் அயலெனத் தள்ளிவிடுவர் என அஞ்சி, அந்நெறியின் சொற்களை வேண்டுமென்றே முன்னிறுத்தாது விட்டதாக ஆசிரியரே 2011-இல் எழுதினார். வியத்நாமியத் துறவி திக் நியாட் ஹன் நல்கிய முன்னுரையில் 'தர்மம்' என்னும் சொல் வந்தமைகண்டு முதலில் தயங்கிப் பின் ஏற்றதையும் மறையாது கூறினார். நோயாளர்முன் அவ்வடக்கம் கருணையே. அதன் விளைவு யாது? எம் மாணாக்கர் படியில், 'இஃது ஓர் அமெரிக்க விஞ்ஞானி கண்டுபிடித்தது' என்று எழுதியிருக்கக் கண்டோம். முதலாசிரியர் தாழ்த்திக் கூறியது, வழிவந்தார் கையில் இல்லாமலே போயிற்று. சிவஞானபோதத்தின் சிறப்புப்பாயிரமோ நந்தியெம்பெருமான் தொட்டு வந்த மரபைக் கூறிய பின்னரே நூலுக்கு வழிவிடுகின்றது என்பதை அன்பர்கள் அறிவர்.

நுதலிய பொருளிற்றான் சைவர்க்குத் தடை எழுகின்றது. மறவாமை நமக்குப் புதிதன்று. வள்ளுவனார் பொச்சாவாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். காரைக்காலம்மையார் கயிலையில் வேண்டியதும் மறவாமையே. மூச்சும் அயலன்று; திருமூலர் மூன்றாம் தந்திரத்தில் அதனை விரித்தார். எனின் வேறுபாடு யாது? எதனை மறவாமை என்பதே வினா. உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பிற்று என்பது சித்தாந்தத் துணிபு. மூச்சு மாயையின் காரியம், சடம். அதனைச் சார்ந்த உயிர் சிறிது ஓய்வு பெறலாம், வீடு பெறாது. எண்ணம் அடங்கிய அந்நிலையைச் சிவஞானமென மயங்கலும் கூடும். நோவு தணிதற்கு இப்பயிற்சி போதும். மலம் நீங்குதற்குப் பதியின் திருவருளே வேண்டும். அந்நூலாசிரியர் வீடு தருவேன் என யாண்டும் கூறிற்றிலர். ஆதலின் இது நூலின் குற்றமன்று, அதன் எல்லை. எல்லை கடந்து புகழ்வார்மேலதே குற்றம்.

ஈண்டு எம் குறையொன்றும் சொல்லுதல் கடன். மடத்தில் தீக்கை பெற்று ஐம்பது ஆண்டாகத் திருவைந்தெழுத்து ஓதிவருகின்றோம். இந்நூலைப் படித்த அன்று மாலை செபத்தில் அமர்ந்து, எம் நெஞ்சு எங்குளது என நோக்கினோம். நாவில் மந்திரம்; நெஞ்சிலோ வீட்டு வரியும் வயல் வரப்பு வழக்கும். பொருளற்ற மூச்சை ஒருமையோடு நோக்கும் அயலார்முன், பொருளுடைய மந்திரத்தை நெஞ்சின்றி ஓதும் யாம் நாணினோம். இந்நாணமே அந்நூலால் எமக்குற்ற பயன்.

மறுநாள் மாணாக்கரை அழைத்துப் படியைத் திருப்பித் தந்தோம். "தம்பி, குற்றாலத்து அருவியில் நீராடுவான் திரிகூடமலையில் ஊற்று எங்குளது என வினவவேண்டுவதில்லை. அருவியைப் பற்றி நூல் எழுதுவானுக்கோ மலையேறிக் காணுதல் கடன். உமக்கு உறக்கம் வந்த கதை மெய். அதனை அவ்வாறே எழுதும். அப்பயிற்சி எவரெவர் கைவழி வந்தது என்பதை முதலில் எழுதும். இன்னும் ஓராண்டு பயின்று வாரும், அணிந்துரை தருகின்றோம்" என்றோம்.

அவர் முகம் வாடிற்று. படியைக் கையில் எடுத்துக்கொண்டு வணங்கிச் சென்றார். வருவார் என நம்புகின்றோம். அதுகாறும் எம் செபத்தில் எம் நெஞ்சையும் உடன் இருத்த முயல்வோம்.

திருச்சிற்றம்பலம்.