பண் வாழ்கிறது, பொருள் எங்கே?

பாடியவன் மறைந்தபின் பாட்டு என்னாகும்? படத்துக்கு மாலை சூட்டலாம், பட்டங்களைப் பட்டியலிடலாம், பழைய நாட்களை எண்ணிப் பெருமூச்செறியலாம். இவையெல்லாம் அன்பின் அடையாளங்களே. ஆனால், எதற்காகப் பாடினான் என்பதை மறந்துவிட்டு எப்படிப் பாடினான் என்பதை மட்டும் போற்றுவது, உமியைக் காத்து நெல்லைக் கொட்டிவிடும் உழவனின் செயலாகும்.

கம்பம் பள்ளத்தாக்கிலே பண்ணைப்புரம் என்றோர் ஊர். அவ்வூரில் தோன்றியது பாவலர் சகோதரர்கள் இசைக்குழு. தலைவர் பாவலர் வரதராசன். பொதுவுடைமைக் கட்சி மேடைகளிலே முழங்கிய குரல் அவருடையது. உடன் நின்றோர் தம்பியர் பாஸ்கர், ராசையா, அமர்சிங். ராசையா பின்னர் இளையராஜா ஆனார். அமர்சிங் கங்கை அமரன் ஆனார். வரதராசன் 1973-ஆம் ஆண்டு மறைந்தார். அரை நூற்றாண்டு கடந்தும், தேனியிலும் உத்தமபாளையத்திலும் இசைச் சுவைஞர் அவரை மறக்கவில்லை. ஆயின், நினைவுகூர்வது எவ்வாறு? “இளையராஜாவின் அண்ணன்” என்று! மலையினின்று பாய்ந்த ஆற்றுக்குக் கடலின் பெயரைச் சூட்டி மகிழ்கிறோம்.

அவர் கையாண்ட முறை யாது? மக்கள் கேட்டுப் பழகிய மெட்டு, மக்கள் கேட்டறியாத கருத்து. தெம்மாங்கை எடுத்தார், திரைப்பாடல் மெட்டையும் எடுத்தார், அதிலே அரசியலை ஏற்றினார். புதிய பண்ணைக் கற்பிக்கும் வேலை இல்லை. ஆதலால் கேட்போரின் கவனம் முழுவதும் சொல்லின் மேலே சென்றது. எழுத்தறியா உழைப்பாளிக்கு அதுவே நாளேடு, அதுவே நூலகம், அதுவே பள்ளிக்கூடம்!

1958-ஆம் ஆண்டு தேவிகுளம் இடைத்தேர்தலை எண்ணிப் பாருங்கள். 1956-இல் மொழிவழி மாநிலம் பிரிந்தபோது கேரளத்தோடு சேர்க்கப்பட்ட மலைப்பகுதி அது. அங்கே தேயிலைத் தோட்டங்களிலே உழைத்தவர்களில் பெரும்பாலோர் தமிழர். பொதுவுடைமைக் கட்சி வேட்பாளர் ரோசம்மா புன்னூசுக்காக வரதராசன் மலையேறிப் பாடினார். ரோசம்மா வென்றார். அவ்வெற்றி பாவலருக்கே உரியதென அந்நாள் முதலமைச்சர் நம்பூதிரிபாட் பாராட்டினார் என்பர். பாராட்டு இனியதே. ஆயினும், ஒரு குரலே தேர்தலை வென்றது என்று நம்புவோமானால், அதுவும் ஒரு புராணமே! கூலிக்குப் போராடிய சங்கம் இருந்தது. கொடி பிடித்த கைகள் இருந்தன. அவ்வுழைப்புக்குத் தாய்மொழியிலே ஒரு நாவாக நின்றார் பாவலர். அந்தப் பெருமையே போதும், அற்புதம் வேண்டியதில்லை.

1960-களின் இறுதியில் தம்பியர் சென்னை சென்றனர். 1976-இல் ‘அன்னக்கிளி’ வந்தது. பள்ளத்தாக்கின் பண் தமிழகமெங்கும் ஒலித்தது. நடவு வயலின் இசைக்கு அரங்கத்திலே அரியணை கிடைத்தது. சேரியின் பிள்ளைக்கு இசை எட்டாது என்றிருந்த செருக்கு சிதறியது. அதைச் சிறு செயலென்று எவர் சொல்வார்? ஆயினும் திறனாய்வாளன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: பண் திரைக்குச் சென்றது, பண்ணோடு வந்த போர்க்குணம் எங்கே சென்றது? தம்பியைக் குறை கூறுவதற்கன்று இக்கேள்வி. திரையின் தேவை வேறு; மேடையின் தேவை வேறு. குறை, பண்ணை மட்டும் ஏற்றுப் பொருளைத் தேடாத நம்முடையது.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. 1980-இல் சிம்பாப்வே விடுதலை விழாவிலே பாடியவர் ஜமைக்காவின் பாப் மார்லி. மறு ஆண்டே மறைந்தார். இன்று அவர் முகம் உலகெங்கும் சட்டைகளிலே விற்கிறது. அணிவோரில் எத்தனை பேர் அவர் பாடிய விடுதலையை அறிவர்?

கருத்துச் சொல்லும் பாட்டு நிலைக்காது என்பாரும் உளர். பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 1959-இல், முப்பது வயது நிறையுமுன் மறைந்தார். அவர் பாட்டு இன்றும் நிலைக்கிறதே! திரையும் இசைத்தட்டும் அதைத் தாங்கின. நாகூர் அனிபாவின் இயக்கப் பாடல்களையும் இசைத்தட்டு தாங்கியது. மேடைப் பாடகனைத் தாங்குவது கேட்டோரின் நினைவு ஒன்றே. கேட்டோர் முதுமையடைகின்றனர், நினைவு நாளும் தேய்கிறது.

நம் இயக்கங்களும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளட்டும். தலைவர் வரும்வரை கூட்டத்தைக் கட்டிவைக்கும் கயிறாகத்தானே பாடகனைக் கருதினோம்? சொற்பொழிவை அச்சிட்டோம்; பாட்டைக் காற்றிலே விட்டோம்!

இளைஞர் தோழர்களே! சிலைக்கும் விழாவுக்கும் முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. முதிய தொழிலாளரை நாடிச் செல்லுங்கள். நினைவிலுள்ள பாட்டைப் பாடச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். எந்த ஊர், எந்த ஆண்டு, எந்த மெட்டு என்று குறியுங்கள். மெட்டுத் தெரியாத மேடைப்பாட்டு அச்சிலே ஏறினாலும் அரைப்பாட்டே. அதன்பின், இன்றைய மெட்டிலே இன்றைய கூலியை, இன்றைய சாதிக்கொடுமையை, இன்றைய மடமையை எழுதிப் பாடுங்கள். அவ்வாறு ஒரு புதுப்பாட்டு ஏலத்தோட்டத்திலே ஒலிக்கும் நாளே, பாவலருக்கு நாம் எடுக்கும் விழா நாள்!