இருபது கேள்வியும் ஒரு கரிசல் வீடும்

இளைஞர்களின் இணைய அடிமைத்தனம் பற்றிய ஆய்வுகளில் அடிக்கடி கண்ணில் படும் அளவுகோல், கிம்பர்லி யங் 1998இல் வெளியிட்ட 20 கேள்விகள். அதில் ஒன்று: இணையத்துக்காக வீட்டு வேலையை எவ்வளவு தடவை தள்ளிப்போடுறீங்க?

இதைக் கோவில்பட்டிப் பக்கத்துக் கிராமத்தில் கேட்டுப் பாருங்க. தண்ணி எடுக்க, பாத்திரம் கழுவன்னு வேலையெல்லாம் பெரும்பாலும் பொண்ணு தலையில். அண்ணனுக்கு வேலையே கிடையாது. தள்ளிப்போட என்ன இருக்கு? விடிய விடிய விளையாடுற அவனுக்கு இந்தக் கேள்வியில் பூஜ்யம். அரைமணி நேரம் போன் பார்த்த தங்கச்சிக்கு மதிப்பெண் ஏறும். இன்னொரு கேள்வி மின்னஞ்சல் பற்றியது. இங்கே வீட்டுப்பாடமே வாட்ஸ்அப்பில்தான் வருது.

பிரச்சினையே இல்லைன்னு சொல்ல வரல. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 பட்டியலில் 'இணைய அடிமைத்தனம்' என்று தனி நோய் இல்லை. கேமிங் கோளாறு இருக்கிறது. அது மணிக்கணக்கை எண்ணுவதில்லை. கட்டுப்பாடு போச்சா, மற்றதெல்லாம் பின்னுக்குப் போச்சா, கெடுதல் தெரிஞ்சும் தொடருதா, அதுவும் பொதுவாக 12 மாதமாவது நீடிக்குதா என்றுதான் பார்க்கிறது.

இதையெல்லாம் விசாரிக்காம, மொத்த மதிப்பெண்ணை வெச்சே 'இத்தனை சதவீதம் அடிமை'ன்னு எழுதினா என்ன ஆகும்? உதவி தேவைப்படுற அண்ணன் கணக்கில் தப்பிடுவான். போனைப் பிடுங்குறது தங்கச்சிகிட்டதான்.