செரண்டிப்புப் பூதங்களும் சீட்டின் விதியும்

முந்நூற்றுநான்கு என்னும் சீட்டாட்டத்தை நம் நாட்டில் அறியாதார் சிலரே. கல்லூரி மலரொன்றில் அதனைக் கூறுதல் தகுமோ என ஆசிரியர் சிலர் முகஞ் சுளித்தல் கூடும். ஆயினும் எடுத்துக்கொண்ட பொருளுக்குள் நுழைய அதனினும் நல்ல வாயில் வேறில்லை. அவ்வாட்டத்திலே சேவகன் உருவந் தீட்டிய சீட்டுக்கு 30 புள்ளி, அரசனுக்கு 3, அரசிக்கு 2. ஒன்பது என்னும் வெறும் எண்சீட்டு 20 புள்ளி பெற்று அரசனை எளிதில் வெல்லும். ஏவலன் ஏந்தலை எவ்வாறு வென்றான் என்று ஆடுவோர் எவரும் கேட்பதில்லை. அங்கே படம் ஓரடையாளமேயன்றிப் பிறிதில்லை. வரையப்பட்ட முகத்துக்கும் சீட்டின் ஆற்றலுக்கும் யாதொரு தொடர்பும் வேண்டப்படுவதுமில்லை.

இவ்வினாவைக் கேட்டே தீரவேண்டிய சீட்டாட்டமொன்று 1993 ஆம் ஆண்டிலே தோன்றியது. கணித அறிஞராகிய றிச்சேட் கார்பீல்ட் என்பார் ஆக்க, அமெரிக்க நாட்டு வாசிங்டன் மாநிலத்திலுள்ள விசாட்ஸ் ஒவ் த கோஸ்ட் என்னும் நிறுவனம் வெளியிட்ட 'மஜிக்: த கதறிங்' என்பதே அது. ஆடுவோர் தம்மை மந்திரவாதியராகப் பாவனை செய்வர். ஒவ்வொருவரும் 20 உயிர்ப்புள்ளியுடன் தொடங்கி, விலங்கு, பூதம், வீரர், தேவதை முதலிய உருக்களைத் தத்தம் சீட்டுக்களினின்றும் வரவழைத்து எதிரியின் உயிர்ப்புள்ளியைக் குறைக்க முயல்வர். உருச்சீட்டு ஒவ்வொன்றும் ஏறத்தாழ 63 மில்லிமீற்றர் அகலமும் 88 மில்லிமீற்றர் நீளமும் உடையது. அச்சிற்றெல்லைக்குள்ளே பெயர், வரவழைக்கும் விலை, ஓவியம், விதி, தாக்கும் வலியும் தாங்கும் வலியுமாகிய ஈரெண் என்பன அடங்கவேண்டும். இவையாவும் ஓருயிரைப் பற்றியே பேசுகின்றனவா, அன்றி ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையை நோக்குகின்றதா என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருள். நாடகத்தில் ஒருவனை வீரன் என்று பிறர் கூறக் கேட்டலினும் அவன் செயலைக் காண்டலே நம்மை நம்பவைக்கும். சீட்டிலே அச்செயலின் இடத்தில் நிற்பது விதியாகும்.

வரவழைக்கும் விலையாகச் செலுத்தும் மந்திர ஆற்றலை மானா என்பர். அது நிலச்சீட்டுக்களினின்றும் பெறப்படும். சமவெளி வெண்மைக்கும், தீவு நீலத்துக்கும், சதுப்பு கருமைக்கும், மலை செம்மைக்கும், காடு பசுமைக்கும் உரியன. ஒழுங்கு, அறிவு, தன்னலம், உணர்ச்சிவேகம், இயற்கை வளர்ச்சி என்பன முறையே அந்நிறங்களின் இயல்புகள். நிலத்தை முன்வைத்து அதற்குரிய உயிர்களையும் ஒழுகலாற்றையும் வகுக்கும் இம்முறை, முதல், கரு, உரி எனப் பயின்ற நமக்குப் புதுமையாகத் தோன்றாது. இவ்விரண்டுக்கும் வரலாற்றுத் தொடர்பு யாதுமில்லை. உண்டென்று நிறுவப் புகுவார் வீணே உழைப்பர். ஆயினும் ஒப்புமை பயனுடையது. 'லானோவார் எல்வ்ஸ்' என்னும் வனமாந்தர் ஒரு பச்சை மானாவுக்கு வருவர். தாக்கல் ஒன்று, தாங்கல் ஒன்று என்னும் மெலிந்த உடலினராயினும், தாமே மேலும் ஒரு பச்சை மானாவைத் தருவர். காட்டின் மக்கள் காட்டின் வளத்தைப் பெருக்குகின்றனர். ஓவியத்தை மறைத்துவிட்டாலும் அவர் யாரென்பது விளங்கும். கருமையைத் தன்னலத்துக்கும் சாவுக்கும் ஒதுக்கியமை மட்டும், மேகவண்ணனையும் காளியையும் வணங்கிய கண்ணுக்கு உறுத்தலாகவே இருக்கும்.

உருக்களை ஆக்குவோர் இருவழிப் படுவர். ஒருசாரார் ஆட்டத்துக்கு வேண்டிய எண்ணையும் விதியையும் முதலில் வகுத்துப் பின்னர் அதற்கேற்ற உயிரைத் தேடுவர். மற்றொருசாரார் உயிரையோ கதையையோ மனத்துட் கொண்டு அதனை விதியாக மாற்றுவர். முன்னைய வழியிற் பிறந்த உரு வறிதாகும் என்று கொள்ளற்க. 'கிறிஸ்லி பெயர்ஸ்' என்னும் கரடிச் சீட்டுக்குத் தனி விதியே இல்லை. விலை இரண்டு, தாக்கல் இரண்டு, தாங்கல் இரண்டு. ஆயினும் அவ்விலைக்கும் வலிக்கும் உரிய எவ்வுருவையும் ஆடுவோர் 'கரடி' என்றே வழங்கும் அளவுக்கு அது நிலைத்துவிட்டது. கரடியிடம் நாம் வேறென்ன எதிர்பார்க்கின்றோம்?

கதையிலிருந்து விதிக்கு வரும் வழியே திறனாய்வாளனுக்கு விருந்தாவது. அராபியக் கதைகளைத் தழுவி 1993 ஆம் ஆண்டின் இறுதியில் வெளியான தொகுதியிலே 'சிந்துபாத்' என்னும் சீட்டு உண்டு. அவன் தொழிற்படும்போது ஆடுவோன் ஒரு சீட்டை எடுத்துக் காட்டவேண்டும். அது நிலமாயிற் கையில் நிற்கும். பிறிது எதுவாயினும் எறியப்படும். கடலோடியின் வாழ்வு முழுதும் இவ்வொரு விதியில் அடங்கிவிட்டது. கரையைக் காணுமட்டும் கிடைத்த பொருளெல்லாம் கடலுக்கே.

2011 ஆம் ஆண்டில் வெளியான 'இனிஸ்றாட்' தொகுதியிலே மனிதன் ஓநாயாக மாறும் உருக்கள் இதனினும் நுண்ணியவை. இவ்வாட்டத்தில் இருபுறமும் முகமுடைய சீட்டுக்கள் அத்தொகுதியிலேதான் முதன்முதல் வந்தன. ஒருபுறம் மனிதன், மறுபுறம் ஓநாய். ஒரு முறையாட்டம் முழுதும் எவரும் எம்மந்திரமும் ஏவாது கழியின் மனிதன் ஓநாயாவான். பின்னர் ஒருவர் தம் ஒரே முறையில் இரண்டோ அதற்கு மேலோ ஏவின் மீண்டும் மனிதனாவான். நிலவென்றும் நள்ளிரவென்றும் விதியில் ஒரு சொல்லும் இல்லை. ஆயினும் ஊர் அடங்கியபோது விலங்கு வெளிப்படுதலும், ஆரவாரம் எழுந்தபோது ஒடுங்குதலும் ஆடுவோரின் மௌனத்தினாலேயே நிகழ்கின்றன. அச்சத்தை ஓவியர் தீட்டவில்லை. எதிரே இருப்பவன் ஒன்றுஞ் செய்யாதிருத்தலே அச்சமாயிற்று. இதனை யான் மிக உயர்ந்த படைப்பாக மதிக்கின்றேன்.

குறையுடையதும் ஒன்று காட்டுதல் வேண்டும். முதற்றொகுதியின் 'றொக் ஹைட்றா' கிரேக்கக் கதையின் பலதலைப் பாம்பு. ஒவ்வொரு தலையும் ஓர் எண்; பட்ட அடிக்கு ஒவ்வொரு தலை வீழும்; மூன்று செம்மானா கொடுப்பின் புதுத்தலை முளைக்கும். மிக அழகிய அமைப்பே. ஆயின் கதையிலே வெட்டிய கழுத்தைத் தீயினாற் சுட்டதனாலன்றோ தலை முளையாது நின்றது? செம்மையோ இவ்வாட்டத்தில் தீயின் நிறம். பாம்பை மலைக்குரியதாக்கிச் செந்நிறம் கொடுத்தமையால், அதனைக் கொல்லவேண்டிய தீயே அதனை வளர்க்கும் உணவாயிற்று. நிறம் கதையை விழுங்கிவிட்டது.

ஓவியரின் பங்கு காலப்போக்கில் மாறியுள்ளது. தொடக்கத்தில் அவர் பெரும்பாலும் பெயரொன்றைப் பெற்றுத் தம் மனம்போல் தீட்டினர். பின்னரோ இடம், நிறம், செயல், நோக்கு, உணர்வு என வகுத்தெழுதிய குறிப்பும், அவ்வுலகின் உடையையும் படையையும் கட்டடத்தையும் விளக்கும் வழிகாட்டி ஏடும் அவருக்குத் தரப்படலாயின. ஒருமைப்பாடு பெருகிற்று, பழைய சீட்டுக்களின் விசித்திரம் குன்றிற்று. இரண்டையும் ஒருங்கே பெறுதல் அரிதுபோலும்.

பெயரைப் பற்றியே எமக்கு வழக்கு மிகுதி. 2007 ஆம் ஆண்டு முதல் இவ்வாட்டத்தின் தலைமைப் பாத்திரங்களுள் ஒருத்தியாய் விளங்குபவள் சந்திரா நலார். அவள் தீயை ஏவும் செந்நிற மந்திரவாதி. தண்மைக்கு உருவான திங்களின் பெயரைத் தீக்குச் சூட்டியவர் அப்பெயரின் பொருளை நோக்கவில்லை, ஓசையையே நோக்கினர். இந்தியச் சாயல் பூண்ட 'கலாதேஷ்' என்னும் உலகம் அவள் பிறப்பிடமாகப் பின்னரே அமைக்கப்பட்டு, 2016 ஆம் ஆண்டில் தனித்தொகுதியாயிற்று. கலைநாடு எனக் கருதி இட்ட அப்பெயர் இந்திமொழிச் செவிக்குக் கருநாடு என்றும் ஒலிக்கும். 2025 ஆம் ஆண்டுத் தொகுதியில் அவ்வுலகம் 'அவிஷ்கார்' என மறுபெயர் பெற்றது.

இனி நம் நாட்டின் பெயருக்கு வருவாம். முற்கூறிய அராபியத் தொகுதியிலே 'செரண்டிப் இஃப்ரீத்', 'செரண்டிப் ஜின்' என இரு நீலப் பூதங்கள் உள. செரண்டிப் என்பது அராபியர் இலங்கைக்கு வழங்கிய பெயர். சிந்துபாத்தின் ஆறாம் பயணத்தில் அவன் அடைந்த நாடும் அதுவே. ஆங்குள்ள மணிகளும் மலையும், கலீபாவுக்குப் பரிசில் விடுத்த மன்னனும் கதையிற் பேசப்படுவன. இஃப்ரீத்தின் விதியில் இவற்றுள் ஒன்றுமில்லை. மூன்று மானா விலைக்குத் தாக்கல் மூன்றும் தாங்கல் நான்கும் உடைய பறக்கும் பூதம் அது. தன்னை ஆள்வோனை ஒவ்வொரு முறையும் ஒரு புள்ளி வருத்தும். ஏவற்படினும் தலைவனுக்கே இடர் விளைக்கும் பூதத்தின் இயல்பு நன்கு அமைந்துள்ளது; செரண்டிப் என்னும் அடையோ ஒட்டுச்சொல்லாய் நிற்கின்றது. பக்தாத் என்று மாற்றினும் யாதும் குறையாது.

ஜின் அவ்வாறன்று. நான்கு மானாவுக்குத் தாக்கல் ஐந்து, தாங்கல் ஆறு. ஒவ்வொரு முறையும் அது தலைவனின் நிலமொன்றைப் பலிகொள்ளும். பலியான நிலம் தீவாயின் தலைவனுக்கு மேலும் மூன்று புள்ளி சேதம். நிலமெல்லாம் ஒழிந்தால் தானும் ஒழியும். ஆக்கியோர் இந்நாட்டை நினைத்தே அவ்விதியை வகுத்தனர் என்று சொல்லச் சான்றில்லை. ஆயினும் தீவின் பெயர் தாங்கிய பூதம் தீவை விழுங்கும்போதே மிகக் கொடிது என்னும் விதியை, இத்தீவில் இருந்து படிப்போர் வாளா கடந்து செல்லுதல் இயலாது. ஈண்டுப் பெயரும் விதியும் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன.

"பெயரும் படமும் யாதாயினும் ஆகுக, விதியன்றோ உயிர்?" என மாணவன் ஒருவன் என்னுடன் வாதிட்டான். அவனுக்குத் துணையாக ஒரு பிழையே உளது. 1994 ஆம் ஆண்டின் திருத்திய பதிப்பிலே செரண்டிப் இஃப்ரீத், நீலத்துக்குப் பதிலாகப் பச்சைச் சட்டத்தினுள்ளே, மற்றொரு பூதமாகிய 'இஃப் பிஃப் இஃப்ரீத்'தின் ஓவியத்துடன் அச்சாயிற்று. பெயரும் விலையும் விதியும் மட்டுமே சரி. நிறத்தை விலையே தீர்மானிக்குமாதலின் ஆடுவோர் அதனை நீலச்சீட்டாகவே ஆடினர். ஆட்டம் சிறிதும் தடைப்படவில்லை. முந்நூற்றுநான்கின் சேவகனைப்போல அதுவும் முகத்துக்கும் ஆற்றலுக்கும் தொடர்பற்றதாயிற்று. மாணவன் இதனைத் தன் வெற்றியாகக் கொண்டான். அச்சீட்டை அவன் கையிற் கொடுத்து, இது யாருடைய உருவம் என்று வினவினேன். பெயரைப் படித்துப் படத்தை நோக்கியவன், நெடுநேரம் விடை கூறாதிருந்தான்.